கேளாததை எழுதாமை

மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரின் தனிச்செயலன்று என்பதில் தமிழ் அறநூலும் வடமொழி ஆயுர்வேத நூலும் உடன்படுகின்றன. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவர் என்னும் நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக வைத்து நிறைவடைகிறது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானமும் மருத்துவர், மருந்து, பணிவிடையாளர், நோயாளி என இதே நான்கையும் சிகிச்சையின் நான்கு கால்களாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பண்புகளை வகுத்துத் தருகிறது. இவ்விரு வரிசைகளிலும் எழுதுபவருக்கு இடமில்லை. மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் சொன்னதை அங்கேயே நின்ற பணிவிடையாளர் கேட்டுச் செய்து முடித்த காலத்தில் அப்படியோர் ஐந்தாம் கூறு வேண்டியிருக்கவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவமனை இந்த நேர்முகத்தைக் கலைத்தது. நோயாளியைப் பற்றிய சொல் அவரிடமிருந்து பிரிந்து, ஒலிப்பதிவாகி, கடல் கடந்து, அவரை ஒருநாளும் பார்த்திராத ஒருவரின் காதுவழியே எழுத்தாகித் திரும்பி, அவ்வெழுத்தை நம்பியே அடுத்த மருத்துவர் மருந்து கொடுக்கும் நிலை வந்தது. இடையில் நின்று எழுதித் தருபவர் செய்வது அறவியல் நோக்கில் ஒரு செயல்தானா, அல்லது குழாய் வழியே நீர் போவதுபோல அவர் வழியே சொல் வெறுமனே கடந்து போகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. வீட்டிலிருந்தபடியே இத்தொழிலைத் தொடங்க நினைப்பவர்களுக்கு வருமானம் பற்றிய கேள்விகள் பல இருக்கலாம். அவற்றுக்கெல்லாம் முன்னதாக நிற்பது இது.

தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் பயிற்சி நிலைய விளம்பரங்களில் ‘மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்று இடம்பெற்றுவரும் தொழில் இதுவே. மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடித்தபின், தாம் கண்டதையும் முடிவுசெய்ததையும் தொலைபேசியிலோ ஒலிப்பதிவுக் கருவியிலோ வாய்மொழியாகச் சொல்லிவைக்கிறார். ‘டிக்டேஷன்’ எனப்படும் அப்பதிவைக் கேட்டு, மருத்துவமனை கோரும் வடிவில் தட்டச்சு செய்து தருபவர் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட். அவரை இக்கட்டுரை எழுத்தர் என்றே குறிக்கிறது. அமெரிக்காவில் இத்தொழிலினருக்கான சங்கம் 1978இல் கலிபோர்னியாவில் தோன்றியது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் இந்தியாவுக்கும் இடையில் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வேறுபாடு இருப்பதால், அங்கே மாலையில் சொல்லப்பட்டது இங்கே பகலில் எழுதப்பட்டு, அங்குள்ள மருத்துவர் மறுநாள் பணிக்கு வருமுன் கோப்பில் சேர்ந்துவிடும். இந்த வசதியும், ஆங்கிலம் படித்தவர்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்ததும் சேர்ந்தே தொழிலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன.

தொடங்குபவர் கற்கவேண்டியவை சிலவல்ல. உடற்கூறு, நோய்ப்பெயர்கள், அறுவைக் கருவிகளின் பெயர்கள், மருந்துப் பெயர்கள், ஆய்வகச் சோதனைகளின் இயல்பளவுகள் ஆகியவற்றோடு, அறிக்கை வகைகளின் அமைப்பும் பழகவேண்டும். மருத்துவமனையில் சேரும்போது எழுதப்படும் நோய்வரலாறு, அறுவை அறிக்கை, வீட்டுக்கு அனுப்பும்போது எழுதப்படும் ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ என ஒவ்வொன்றுக்கும் தலைப்புகளும் வரிசையும் வேறு. சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை நீளும் இப்பயிற்சியில் பெரும்பகுதி, எழுதக் கற்பதைவிடக் கேட்கக் கற்பதிலேயே செலவாகிறது. மேசைக்கடியில் கிடக்கும் ‘ஃபுட் பெடல்’ என்னும் மிதிகட்டை மூன்று பகுதிகளாலானது: நடுப்பகுதியை மிதித்தால் ஒலி ஓடும், ஓரங்களை மிதித்தால் பின்னுக்கோ முன்னுக்கோ போகும். கைகள் விசைப்பலகையில் இருக்க, பாதம் ஒரே ஐந்து நொடியைத் திரும்பத் திரும்ப இழுத்துவந்து காதுக்குக் கொடுக்கும். மருத்துவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு மருந்தின் பெயரை விழுங்குவார். தாள் புரட்டும் சத்தத்தில் ஓர் எண் மறையும். பின்னால் யாரோ அழைக்கும் குரல் அளவின் மேல் விழும். ‘அதை அடித்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு எதை அடிக்கவேண்டும் என்று சொல்லாமலே தொடர்வார். புதியவர் ஒருவர் முதல் சில வாரங்களில் ஒரு நிமிடப் பதிவுக்குப் பத்து நிமிடம் உட்கார நேர்வது இதனாலேயே தவிர, விரல்வேகம் போதாமையால் அன்று. (முன்பணம் கட்டினால் மறுநாளே வீட்டுவாசலில் வேலை என்று கூறும் விளம்பரங்களை நம்பத் தகாததற்கு இந்த ஒரு காரணமே போதும்.)

இத்தகைய கேட்டலின் விளைவு எதுவரை நீளும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வழக்கு ஒன்றைச் சான்றாகக் கொள்ளலாம். 2008இல் அங்கே நீரிழிவு நோயாளி ஒருவர் மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு நிலையம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அவருக்கு வேண்டிய இன்சுலின் 8 அலகு என்று மருத்துவர் சொல்லிப் பதிவுசெய்தார். துணை ஒப்பந்தங்கள் வழியே இந்தியாவுக்கு வந்து எழுதப்பட்ட அறிக்கையில் அது 80 அலகு என்றாகியிருந்தது. மருத்துவர் அந்த அறிக்கையைப் படித்துக் கையொப்பமிடும் முன்னரே, அதிலிருந்து மருந்துக் கட்டளை எடுக்கப்பட்டு, புதிய இடத்தில் அந்த அளவிலேயே மருந்து செலுத்தப்பட்டது, நோயாளி இறந்தார். 2012 டிசம்பரில் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. ஒரு வரிக்கு இரண்டு சென்ட் மிச்சம்பிடிக்கவே வேலை வெளியே தரப்பட்டது என்று வழக்குத் தொடுத்த தரப்பு வாதிட்டது.

சட்டம் பொறுப்பை நிறுவனங்கள்மேல் வைத்தது. அறவியல் கேட்பது வேறு. எண்ணை எழுதியவர், எழுதியதைச் சரிபார்த்தவர், படிக்காமல் விட்ட மருத்துவர், கையொப்பமில்லாத தாளிலிருந்து கட்டளை எடுத்தவர், எண்பது அலகை ஊசியில் ஏற்றும்போது கை நடுங்காதவர் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என நம்பியிருந்தனர். இந்தியச் சமயங்கள் வினையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒருவர் ஒரு செயலைச் செய்து அதன் பயனை அவரே நுகர்வதாகக் கொண்டு பேசுகின்றன. சமணம் அறியாமற்செய்த கொலையையும் வினையின் கணக்கில் சேர்க்கிறது. பௌத்தம் எண்ணத்தையே வினையின் உயிராகக் கொள்வதால் எண்ணமில்லாத தீங்கை அவ்வளவு கனமாகக் கொள்வதில்லை. ஐந்து கைகள் ஒவ்வொன்றும் சிறிது கவனக்குறைவாக இருந்து, எவர் கையும் தனியே கொல்லாமல், எல்லாக் கையும் சேர்ந்து கொல்லும் நிலைக்கு இவ்விரு விளக்கங்களும் முழுதாகப் பொருந்துவதில்லை. சமணத்தின் கண்டிப்பு எழுத்தர்மேல் தாங்கமுடியாத சுமையை ஏற்றுகிறது. பௌத்தத்தின் விளக்கமோ, மேலோட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டால், ‘கெட்ட எண்ணம் இல்லையே’ என்னும் எளிய தப்பித்தலுக்கு வழி திறக்கிறது. அப்பமாதம் எனப்படும் விழிப்பை அந்தச் சமயம் எவ்வளவு வற்புறுத்தியது என்பதை அவ்வாறு எடுத்துக்கொள்பவர் மறந்துவிடுகிறார்.

ஆகவே கேள்வியை வினையிலிருந்து அறிவுக்கு மாற்றிப் பார்ப்பது பயனுடையது. எழுத்தர் தீங்கு செய்ய எண்ணினாரா என்பதை விடுத்து, தாம் அறியாத ஒன்றை அறிந்ததாக எழுதினாரா என்று கேட்கவேண்டும். இதற்குத் தமிழில் பழைய கருவி ஒன்று உண்டு. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி என்னும் தருக்க நெறியினன், அறிவைப் பெறும் வழிகளாகிய அளவைகளைச் சொன்னபின், அவ்வழிகள் பிழைபடும் வகைகள் எட்டினையும் எண்ணித் தருகிறான். அவற்றுள் நான்கு இத்தொழிலுக்கு அளவெடுத்ததுபோல் அமைந்துள்ளன. இப்பியை வெள்ளி என்று கொள்வதுபோல் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது திரியக்கோடல். தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமலே அக்கட்டையை மனிதன்தான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். கண்முன் வந்ததைக் கண்டும் இன்னதென உணராதிருப்பது கண்டுணராமை.

ஆங்கில மருத்துவச் சொற்களில் திரியக்கோடலுக்குப் பஞ்சமில்லை. சிறுகுடலின் கடைப்பகுதியும் இடுப்பெலும்பின் மேற்பகுதியும் ‘இலியம்’ என்றே ஒலிக்கும், எழுத்தில்தான் வேறுபாடு. விழுங்க இயலாமையைக் குறிக்கும் ‘டிஸ்ஃபேஜியா’வும் பேச்சுக் குலைவைக் குறிக்கும் ‘டிஸ்ஃபேசியா’வும் ஓர் இருமலின் இடைவெளியில் ஒன்றாகிவிடும். மூட்டுவலிக்கான ‘செலிப்ரெக்ஸ்’ மனச்சோர்வுக்கான ‘செலெக்ஸா’வாக மாறலாம். ‘ஹைப்பர்’ என்பதும் ‘ஹைப்போ’ என்பதும், அதாவது மிகையும் குறையும், அவசரமாகப் பேசுபவர் வாயில் ஒரே முன்னொட்டாகத் தேய்கின்றன. எண்களோ இன்னும் மோசம். பதினைந்தும் ஐம்பதும், எட்டும் எண்பதும் ஆங்கிலத்தில் ஓர் ஈற்றசையால் மட்டுமே பிரிகின்றன. எழுதியபின்னும் ஆபத்து நீங்குவதில்லை என்பதாலேயே, அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் கூட்டு ஆணையம் 2004இல் எழுதலாகாதவற்றின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடக்கூடாது, பின்ன எண்ணுக்குமுன் சுழியை விடக்கூடாது, அலகு என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கக்கூடாது என்று விதித்தது. புள்ளி மங்கினால் 5.0 என்பது 50 ஆகும், அலகைக் குறிக்கும் ஆங்கில எழுத்தின் வாய் மூடினால் சுழியாகும்.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. நிறுவனங்கள் எழுத்தரின் தரத்தைச் சதவீதத்தில் அளக்கின்றன. 98 சதவீதத்துக்குக் குறையாத துல்லியம் என்பது பரவலாக எதிர்பார்க்கப்படும் அளவு. வரி என்பது இடைவெளிகளையும் சேர்த்து 65 எழுத்துகள் கொண்டது என்பது கூலிக்கணக்கின் வழக்கம். ஐம்பது வரி அறிக்கையில் 3,250 எழுத்துகள் இருக்கும். எட்டுக்குப் பின் விழுந்த சுழி அவற்றுள் ஒன்று. எழுத்தெண்ணிக் கணக்கிட்டால் அவ்வறிக்கை 99.97 சதவீதம் சரி. இதை உணர்ந்துதான், நோயாளியின் உயிருக்கு ஊறு செய்யும் பிழைகளைத் தனி வகையாக்கி அவற்றுக்குக் கூடுதல் எடை தரும் முறை பின்னர் ஏற்பட்டது. எனினும் எடை கூட்டுவது பிழை நிகழ்ந்த பின் செய்யும் கணக்கு. பிழை நிகழும் நொடியில் எழுத்தரின் உள்ளே நடப்பது, ஐயத்திலிருந்து தேராது தெளிதலுக்குத் தாவும் அந்தச் சிறு தாவல், எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அத்தாவலைத் தடுக்கும் வழி தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. கேட்காத சொல்லின் இடத்தில் கோடிட்டுக் காலியாக விட்டு, பதிவின் எத்தனையாவது நிமிடத்தில் அது வருகிறது என்று குறித்து, மேலே அனுப்புவது விதி. எழுத்தர்கள் இதை ‘பிளாங்க்’ விடுதல் என்பர். மேலிருப்பவர், அதாவது ‘க்யூ.ஏ.’ எனப்படும் தரச் சரிபார்ப்பாளர், மறுபடி கேட்டு நிரப்புவார். அவருக்கும் கேட்காவிட்டால் காலியிடம் அப்படியே மருத்துவரிடம் போகும். பார்வைக்கு இது வேலையின் குறைபாடு. அறிவுநெறியில் இதுவே வேலையின் உச்சம். தமிழ்ப் பதிப்புலகம் இதை நன்கறியும். 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது, சுவடிகளில் அடிகள் சிதைந்திருந்த இடங்களைப் புள்ளிகளிட்டே காட்டினார். கிடைக்காத 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்காதவையாகவே நின்றன. யாப்பும் மரபும் கைவரப்பெற்ற அவருக்கு அவ்விடங்களில் பொருந்தும் சீர்களை அமைப்பது அரிதன்று. பொருந்தும் என்பதே அங்கு ஆபத்து. பொருந்தாத இட்டுநிரப்பல் எவர் கண்ணிலும் படும், பொருந்தியதோ நூற்றாண்டுகளுக்கு மூலமாகவே வாழும். மருத்துவ அறிக்கையிலும் அவ்வாறே. பொருளற்ற சொல் மருத்துவரை நிறுத்தும். பொருத்தமான தவறான சொல் அவரைக் கடந்து நோயாளியின் உடலுக்குள் போகும்.

இதே தருக்கம் எழுத்தரை இன்னொரு சிக்கலான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. பதிவின் தொடக்கத்தில் இடது முழங்கால் என்று சொன்ன மருத்துவர் முடிவில் வலது முழங்கால் என்கிறார். எழுத்தர் இரண்டையும் தெளிவாகவே கேட்கிறார். கேட்டபடி எழுதினால் முரண் நிற்கும். ஒன்றைத் திருத்தினால் அவர் பார்த்தறியாத உடலைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவராவார். சொல்லுக்கு உண்மையாயிருப்பதும் பொருளுக்கு உண்மையாயிருப்பதும் இங்கே பிரிகின்றன. தொழில் விதி இரண்டுக்கும் நடுவே செல்கிறது: இலக்கணப் பிழையையும் வெளிப்படையான நாத்தவறலையும் எழுத்தரே செப்பனிடலாம், மருத்துவப் பொருள் மாறும் இடத்தில் திருத்தாமல், முரணைக் கொடியிட்டுக் காட்டவேண்டும். நியாய நெறியினர் உரை அளவை என்று, அதாவது நம்பத்தகுந்தவர் சொல்லால் பெறும் அறிவு என்று, ஒன்றை ஏற்றனர். அங்கே சொல்பவரின் தகுதி பேசப்படுகிறது. சொல்லைக் கொண்டுவருபவரின் தகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொண்டுவருபவர் தம் அறிவை முற்றிலும் அணைத்துவிட்டால் முரண் அவர் கண்ணில் படாது. அளவுக்குமீறி ஏற்றிவிட்டால் மருத்துவரின் சொல் அவருடைய சொல்லாகிவிடும். அறிவை விழித்த நிலையில் வைத்துக்கொண்டே அதை ஆளவிடாமல் நிறுத்துவது, தொடக்கத்தில் கேட்ட குழாய் உவமையைப் பொய்யாக்குகிறது. எழுத்தர் செய்வது செயலே. செய்யாமல் விடுவதில் அது அதிகமாக வெளிப்படுகிறது.

இத்தகைய வேலைக்குக் கீதையின் பயன்கருதாச் செயலை உவமையாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. விளைவைக் காணாமலே கடமையைச் செய்பவருக்கு வேறெந்த நூல் ஆறுதல் தரும் என்றும் கேட்கப்படுகிறது. ஆயினும் இவ்வொப்புமை ஆராய்ந்து ஏற்கவேண்டியது. பயனைத் துறப்பவர் முதலில் பயனை உடையவராயிருக்க வேண்டும்; அர்ச்சுனன் களத்தில் நின்று விளைவுகளைக் கண்முன் கண்டபின்னரே அவற்றின்மேல் பற்றை விடும்படி கேட்கப்படுகிறான். வீட்டு மேசையில் இருக்கும் எழுத்தருக்கு விளைவு மறைக்கப்பட்டிருக்கிறது. தாம் விட்ட காலியிடம் என்னவாக நிரப்பப்பட்டது என்பதுகூடப் பல நிறுவனங்களில் அவருக்குத் திரும்பி வருவதில்லை. அறியவிடாமல் செய்யப்பட்டதைத் துறவு என்று பெயரிட்டு அழைப்பது, துறவுக்கும் நியாயமன்று, எழுத்தருக்கும் நியாயமன்று. மேலும் கூலி வரிக்கணக்கில் வருவதால், ஒரு சொல்லுக்காக இருபது முறை மிதிகட்டையை மிதிப்பவர் அந்த நேரத்துக்குரிய கூலியைத் தம் கையிலிருந்தே செலவிடுகிறார். ஊகித்து எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போகிறவருக்கு நட்டமில்லை. காலியிடங்கள் மிகுந்தால் தரமதிப்பெண் குறைக்கும் நிறுவனமும் உண்டு. அப்போது நேர்மைக்கு ஒரு விலையும் ஊகத்துக்கு ஒரு வெகுமதியும் அமைப்பாலேயே வைக்கப்பட்டிருக்க, தனிமனித அறத்தை மட்டும் போதிப்பது பாதிப்பேச்சு.

வீடு என்பதும் இங்கே வெறும் இடப்பெயரன்று. நோயாளியின் மறைபொருளைக் காப்பது மருத்துவ அறத்தின் மிகப் பழைய கூறுகளுள் ஒன்று. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழி அதைச் சொல்கிறது. சரக சம்ஹிதையின் விமானஸ்தானம், மாணவனுக்கு ஆசிரியர் விதிக்கும் கட்டளைகளுள், நோயாளியின் வீட்டுக்குள் கண்டதை வெளியே சொல்லலாகாது என்பதையும் வைக்கிறது. பண்டைய மருத்துவர் பிறர் வீட்டுக்குள் சென்று அதன் செய்தியை வெளியே விடாமல் காத்தார். இன்றைய எழுத்தர் பிறர் செய்தியைத் தம் வீட்டுக்குள் வாங்கி, வீட்டாரிடமிருந்தே அதைக் காக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்டு, மறைகாப்பு விதிகள் 2003 ஏப்ரலிலிருந்து கட்டாயமான ‘ஹிப்பா’ சட்டம், தனி அறை, கடவுச்சொல், அச்செடுக்காமை என்று நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இறங்கி வந்திருக்கிறது. கூடத்தின் ஒரு மூலையில் மேசை போட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கும் மாமியாரின் தொலைக்காட்சித் தொடருக்கும் நடுவே காதுப்பொறியை மாட்டிக்கொள்பவருக்குத் தனி அறை என்பது சட்டத்தின் சொல்லேயன்றி வீட்டின் வசதி அன்று. திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதும், எழுந்துபோகும் ஒவ்வொரு முறையும் கணினியைப் பூட்டுவதும், முகம் வாடியிருப்பதைக் கண்டு ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்கும் வீட்டாரிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதும் அவருடைய நாளின் நியமங்களாகின்றன.

இந்த நம்பிக்கை எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2003 அக்டோபர் நிகழ்ச்சி ஒன்று காட்டியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவ மையத்து ஒலிப்பதிவுகள், ஒப்பந்தம் துணை ஒப்பந்தமாகி அதுவும் கைமாறி, கராச்சியில் இருந்த பெண் எழுத்தர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. தமக்கு வரவேண்டிய கூலி வராததால், அதைப் பெற்றுத் தராவிட்டால் நோயாளிகளின் பதிவுகளை இணையத்தில் வெளியிடுவதாக அவர் மருத்துவமனைக்கே எழுதி, சான்றாக உண்மையான பதிவுகளையும் இணைத்தார். ஒரு தொகை கைக்கு வந்ததும் மிரட்டலைத் திரும்பப் பெற்றார். அவர் செய்தது தவறு என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. யாரிடம் பாக்கி இருந்ததோ அவரை விட்டு, யாதொரு தவறும் செய்யாத நோயாளியைப் பணயம் வைத்தார். ஆயினும் தன் பதிவுகள் யார் கையில் இருக்கின்றன என்றே அறியாதிருந்த மருத்துவமனை அவரிடம் மறைகாப்பை எந்த உறவின் பேரில் எதிர்பார்த்தது என்பதும் கேட்கத்தக்கதே. வாக்குக் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாத இடத்தில் வாக்குறுதி என்பது ஒப்பந்தத் தாளாக மட்டுமே எஞ்சுகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் 1942இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பள்ளிப்பாடங்களின் மெய்யான பயன் கவனத்தைப் பழக்குவதே என்றும், அக்கவனமே வழிபாட்டின் உட்பொருள் என்றும் வாதிட்டு, துன்புறுபவரை நோக்கி ‘உனக்கு என்ன நேர்கிறது’ என்று கேட்கும் ஆற்றலையும் அதே கவனத்தோடு இணைத்தார். எழுத்தரின் நிலை இதற்குத் தலைகீழானது. கேள்வியைக் கேட்க அவருக்கு வாய்ப்பே இல்லை. விடை மட்டும் நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது, அதுவும் துன்புறுபவரின் குரலில் இல்லாமல் களைத்த மூன்றாமவர் ஒருவரின் குரலில். சில மாதங்களாக ஒரே பெயருக்கு வந்துகொண்டிருந்த புற்றுநோய்க் குறிப்புகளின் வரிசையில் ஒருநாள் இறப்புச் சுருக்கம் வரும். எழுத்தர் அதையும் அதே எழுத்துருவில், அதே தலைப்புகளின்கீழ் அடித்து முடிக்கிறார். அதைக் கருணை என்று சொல்லலாமா என்பது ஐயமே. கருணைக்கு எதிரில் ஒரு முகம் வேண்டும் என்பவர்கள் மறுப்பர். ஆனால் அந்த இறப்பின் நாளும் நேரமும் சரியாகப் பதியவேண்டும் என்று மூன்றாம் முறையாகக் கேட்டுச் சரிபார்ப்பதில், முகம் தெரியாதவருக்குச் செய்யும் மரியாதை ஒன்று இருக்கிறது. திருக்குறளின் நான்காம் கூறான அருகிருப்பவருக்கு எழுத்தரை உறவாக்குவது, இடத்தின் அண்மையன்று, இந்த மரியாதையே எனலாம்.

இன்று தொடங்குபவர் வந்துசேரும் தொழில் மேற்கூறியதன் முழு வடிவமும் அன்று. 2009இல் அமெரிக்க அரசு மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு ஊக்கத்தொகை அறிவித்தபின், மருத்துவர்களில் பலர் தாங்களே திரையில் குறிக்கத் தொடங்கினர். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் முதல் வரைவை எழுத, எழுத்தர் அதைப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தும் ‘எடிட்டர்’ ஆனார். கூலியும் அதற்கேற்பக் குறைந்தது. வேலையிடங்கள் குறைந்துவரும் என்றே அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை கணிக்கிறது. தமிழ்நாட்டில் இதே மருத்துவச் சொல்லறிவைக் கொண்டு, நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் குறியீட்டு எண் இடும் ‘மெடிக்கல் கோடிங்’ பக்கம் போனவர்கள் பலர்.

இயந்திரத்தின் பிழை மனிதப் பிழையினின்று வகையால் வேறுபட்டது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ‘விஸ்பர்’ என்னும் பேச்சறி மென்பொருளைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நூற்றில் ஓர் ஒலித்துண்டில் எவரும் பேசாத முழுத்தொடர்களை அது தானே புனைந்து சேர்த்ததைக் கண்டது. பேச்சுக் குலைவுள்ளவர்களின் பேச்சில், சொற்களுக்கிடையே மௌனம் நீளும் இடங்களில், இது மிகுந்தது. மௌனம் வந்தால் அதை மௌனமாக விடுவதற்குப் பதில் அங்கே வரக்கூடியதை அது வருவிக்கிறது. அவ்வாறு வருவித்தது வழுவின்றி, இலக்கணம் கெடாமல், மருத்துவரின் நடையிலேயே அமைந்திருப்பதால், திருத்துபவருக்கு இப்போது நேரும் ஆபத்து திரியக்கோடலும் அன்று, தேராது தெளிதலும் அன்று. அளவைவாதி சொன்ன கண்டுணராமை. கண் வரியின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும், காதில் வேறொன்று ஒலித்துக்கொண்டே இருக்கும், இரண்டும் மோதாமலே கடந்துபோகும். வெறுந்தாளில் எழுதிய காலத்தில் ஐயம் தானே வந்து நின்றது. நிரம்பிய தாளில் அதை வலிந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறிக்கைகளின் அடியில் ‘சொல்லப்பட்டது, படிக்கப்படவில்லை’ என்னும் பொருளில் ஒரு வரியைச் சேர்க்கும் வழக்கம் அமெரிக்க மருத்துவர்களிடையே இருந்துவருகிறது. மென்பொருள் எழுதியதாகலின் பிழை இருக்கலாம் என்று அறிவிக்கும் வரியும் இப்போது அதனோடு சேர்ந்திருக்கிறது. பொறுப்பு இன்னார்க்கு என்று குறிக்கவேண்டிய இடத்தில் பொறுப்பின்மை அச்சிடப்படுவதை இதைவிட நேராகக் காட்டமுடியாது. அவ்வரிக்கு மேலே நிற்கும் எண்ணைக் கடைசியாகக் காதால் கேட்கப்போகிறவர், ஏதோ ஓர் ஊரில் வீட்டு மேசையில் இருக்கும் திருத்துநர் மட்டுமே என்றால், வேலையில் சேருமுன் அவர் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை வரிக்கு எவ்வளவு என்பதோடு முடிவதில்லை: காலியிடத்துக்கு மதிப்பெண் குறைப்பு உண்டா, நிரப்பப்பட்ட சொல் தமக்குத் திரும்பி வருமா, வரைவோடு மூல ஒலியும் முழுதாகத் தரப்படுமா, தாம் இட்ட கொடி மருத்துவர் வரை போய்ச்சேர்கிறதா அல்லது வழியிலேயே யாரோ நீக்கிவிடுகிறார்களா.